ஊடு தாண்டிப் போகையில

சேலம் புதிய பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலேயும் கீழேயும் சட்னி. கடித்தால் பாதி வாய்க்குள்ளும் பாதி புடவையிலும் விழுகிறது. அது தீர்ந்ததும் இன்னொன்று வாங்கினேன்.

"போதுங்களா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"போதும், பசியாறிட்டேன்" என்றேன். மலேசியாவில் காலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் சொல்லும் சொல் அது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு செட்டுலயே ஆறிப்போச்சுங்களா? அப்ப அது பசியே இல்லீங்க."

நான் கிள்ளானில் இருந்து வந்தது ஒரு பாட்டைக் கேட்டு வாங்க. என் பெயர் சாந்தி. இருபது வருடங்களுக்கு மேலாகக் கல்யாண வீடுகளில் பாடி வருகிறேன். எங்கள் குழுவை நடத்துபவர் ரவி அண்ணன். அவர் வாலிபராக இருந்த காலத்தில், கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒரு சேலத்துக்காரர் அவரிடம் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். உப்புக் காற்றில் தேய்ந்துபோன நாடா. ஒரு பெண் குரல், பின்னால் ஓயாத இரைச்சல். காதில் விழுந்ததை வைத்து ரவி அண்ணன் வரிகளை எழுதினார். விழாததை அவரே நிரப்பிக்கொண்டார். வேகத்தைக் குறைத்து எனக்குச் சொல்லித் தந்தார்.

ஊரு தாண்டிப் போகையில
ஒருக்கா ஆறுதல் சொல்லிப் போ
உலகில யார நம்பியிருக்கேன்
ஒருத்திக்கு ஒரு வார்த்த சொல்லிப் போ

என் கணவர் குணா துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டினார். மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு, குழுவில் இருந்தவர்கள் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். இதைத்தான் பாடினேன். குணாவின் தங்கை மகன் அதைக் கைப்பேசியில் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். அது எங்கெங்கோ போய்விட்டது. பாரிஸில் ஒரு பெண் கிட்டாரோடு பாடினாள். டொரண்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேடையில் பாடினார்கள். பிறகு ஓர் இசை நிறுவனம் ரவி அண்ணனைக் கூப்பிட்டு, முறையாகப் பதிவு செய்து வெளியிடலாம் என்றது.

"முதலில் பாடினவங்க உயிரோட இருந்தா அவங்க வாய் வார்த்தை வேணும், சாந்தி. இல்லாம நான் செய்ய மாட்டேன்" என்றார் அவர். கேசட் அட்டையில் கிழியாமல் மிஞ்சியிருந்தது இவ்வளவுதான்: பாவாயி, இளம்பிள்ளை.

எனக்குப் பயமாக இருந்தது. அந்த அம்மா 'பாடக் கூடாது' என்று சொல்லிவிட்டால் குணாவுக்கு நான் பாடிய பாட்டு என் கையை விட்டுப் போய்விடும். கேட்காமலே இருந்துவிடலாமா என்று கூட நினைத்தேன். ஆனாலும் புறப்பட்டு வந்தேன்.

முதல் நாள் தப்பான பேருந்தில் ஏறினேன். இளம்பிள்ளை என்று கேட்டேன், அந்தச் சத்தத்தில் யாரோ கையைக் காட்டினார்கள், ஓடிப்போய் உட்கார்ந்தேன். ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சாலையோரத்தில் களம் களமாக வெள்ளை வெளேரென்று எதையோ காய வைத்திருந்தார்கள். ஜவ்வரிசி என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னார். மடியில் ஒரு நெய் டப்பாவைக் குழந்தையைப்போல வைத்திருந்தார்.

அப்போது ஓட்டுநர் பாட்டை மாற்றினார். முதலில் மேளச் சத்தம், பிறகு யாரோ கைதட்டுவதுபோல ஒரு தாளம், அதற்கு மேல் என் குரல். பதினாறாம் நாள் அன்று பாடிய அதே குரல். மூன்றாவது வரியில் மூச்சு வாங்கி நின்றேனே, அந்த இடத்தை வெட்டி, திரும்பத் திரும்ப வருமாறு ஒட்டி, அதற்குத் தாளம் போட்டிருந்தார்கள். பின் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் தோளை ஆட்டிக்கொண்டு கூடவே பாடினார்கள்.

நெய் டப்பா அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "ஏனுங்க, தலை சுத்துதுங்களா?"

"இல்லைங்க. இந்தப் பாட்டு…"

"இதுங்களா, மலேசியாப் பாட்டுங்க. அங்கிருந்து வந்ததாமா. எங்க ஊரு ஆளுக இதப் பார்த்து ஒண்ணு பாடியிருக்கறாங்க, அது இத்தன நல்லா இருக்காது."

அதற்குள் நடத்துநர் வந்து, "இளம்பிள்ளைங்களா? இது ராசிபுரம் வண்டிங்க அம்மிணி, அது அந்தப் பக்கம்" என்று நாங்கள் விட்டு வந்த திசையைக் காட்டினார். வழியில் இறங்கினால் வெயிலில் நிற்க வேண்டும், ராசிபுரத்திலேயே இறங்கித் திரும்பி வாருங்கள் என்று யோசனை சொன்னார். ராசிபுரத்தில் நெய்க்கடை வாசலில் நின்று ஒரு தேநீர் குடித்தேன். தெருவே காய்ச்சின வெண்ணெயாக மணத்தது. கிள்ளானில் தேநீரை ஆற்றித் தருவது ஒரு வித்தை. இங்கேயும் அதே வித்தைதான், ஆனால் குவளை அதில் பாதிகூட இல்லை. குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன்.

மறுநாள் சரியான பேருந்தைப் பிடித்து இளம்பிள்ளைக்குப் போனேன். இறங்குவதற்கு முன்பே சத்தம் கேட்டது. தெருவுக்குத் தெரு விசைத்தறிக் கூடங்கள். கிள்ளான் கடைத்தெருவில் நான் பேரம் பேசி வாங்கிய புடவைகளில் எத்தனை இங்கிருந்து வந்தனவோ தெரியாது.

விசாரித்து விசாரித்து சரசு என்பவரின் தறிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பாவாயியோடு ஒரே கூடத்தில் வேலை பார்த்தவர். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே பேச்சு என்பதே கிடையாது, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். நான் அவர் காதோரம் போய் "ஊரு தாண்டிப் போகையில" என்று கத்தினேன். சரசு சிரித்தார். நூலைப் பார்த்தபடியே, தறி அடிக்கும் அடிக்கு ஒரு சொல்லாக, முழுத் தொண்டையில் பாடினார். அடுத்த தறியில் இருந்த பெண்ணும் சேர்ந்துகொண்டாள்.

நாடாவில் நாங்கள் கேட்ட இரைச்சல் தேய்மானத்தால் வந்ததல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தறியின் அடி அது; அந்தப் பாட்டின் தாளமே அதுதான். நாங்கள் தறியை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரசு தறியை நிறுத்திவிட்டு என்னை வெளியே கூட்டிவந்தார். நான் பாடும் வரிகளைச் சொன்னேன்.

"ஊருங்களா?" என்றார். "ஊரை எதுக்குங்க தாண்டோணும்? ஊடுங்க. குடியிருக்கற ஊடு. ஆறுதலும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆரன். லாரி ஆரன்." பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

ஊடு தாண்டிப் போகையில
ஒருக்கா ஆரன் அடிச்சுப் போ
ஒலையில அரிசி போடப்போறேன்
ஒருத்திக்கா ரெண்டு பேருக்கா சொல்லிப் போ

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? இருபது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடிய 'உலகம்', உலைப்பானையாக இருந்திருக்கிறது.

பாவாயி புருசன் ஊருக்குக் குடிபோய்விட்டார் என்றார் சரசு. எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம், கொல்லிமலை ஓரம். கைப்பேசியில் கூப்பிட்டுப் பார்த்தார், மணி அடித்து நின்றது. "அவ எடுக்க மாட்டா. நேராப் போங்க. ஆனா லேசுல சரின்னு சொல்ற ஆளு இல்லீங்க. போன வருசம் ஒருத்தன் கேமராவத் தூக்கிட்டுப் போனான். அவங்கிட்ட வெங்காயத்தக் குடுத்து வாலு அரிய உட்டு, மோர் குடுத்து அனுப்பிப்போட்டா. ஒரு வார்த்த வாங்கிட்டு வரல அவன்."

அடுத்த நாள் நாமக்கல் போனேன். ஊர் நடுவே ஒற்றைப் பாறை, அதன்மேல் கோட்டை. ஊருக்கு வெளியே லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள். வெறும் சட்டமும் சக்கரமுமாக ஒரு லாரி, தலையில் துண்டு கட்டிய ஓட்டுநர் திறந்த வெளியில் உட்கார்ந்து ஓட்ட, சாலையில் என்னைக் கடந்து போனது. குணா பார்த்திருந்தால் நின்று வேடிக்கை பார்த்திருப்பார். அவர் ஓட்டியது குளிர்சாதனம் போட்ட வண்டி. அதிலேயே அவருக்கு ஆயிரம் குறை.

எருமப்பட்டியில் இறங்கியபோது மலையோரம் போகிற சிற்றுந்து அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது. முட்டை ஏற்றப் பண்ணைக்குப் போகிற ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். வெறும் அட்டைகள்தான் பின்னால் இருந்தன. ஆனாலும் முட்டை இருக்கிற மாதிரியே பள்ளம் பார்த்து ஊர்ந்தார், பழக்கம் என்றார். எந்தப் பாட்டுக்காக வந்தேன் என்று சொன்னதும், "அது தேர்தல் பாட்டுங்களே" என்றார். வேட்பாளருக்காக ஜீப்பில் குழாய் கட்டிப் போட்டார்களாம்: ஊடு தேடி வாரோமுங்க, ஒருக்கா ஓட்டுப் போடுங்க. அதற்கு முன்னால் மாரியம்மன் பண்டிகையில் சாமிப் பாட்டாகவும் கேட்டிருக்கிறாராம். "நல்ல மெட்டுங்க. என்னத்தப் போட்டாலும் உள்ள போயிக்கும்."

மலை சாலைக்கு மிக அருகில் வந்ததும் ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தினார். வாசலில் சின்ன வெங்காயம் குவிந்து கிடந்தது. குவியலுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். நரைத்த தலை, தெம்பான உடம்பு. பாவாயி அவர்தான். கொஞ்சம் தள்ளி, சொட்டு நீர்க்குழாயில் அடைப்பெடுத்துக்கொண்டிருந்தவர் அவருடைய கணவர் செங்கோடன்.

"வாங்க. எந்த ஊருங்க?"

சொன்னேன். எதற்கு வந்தேன் என்றும் சொன்னேன்.

"மலேசியாவா. வெகு தூரமாச்சே. உக்காருங்க" என்று இன்னொரு பலகையை நகர்த்திப் போட்டு, கையில் ஒரு கத்தியைக் கொடுத்தார். சரசு சொன்னது நினைவுக்கு வர, மறுபேச்சில்லாமல் வெங்காயத்துக்கு வால் அரியத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரம் போனது. "நீங்க பாடறத எங்க, போட்டுக் காட்டுங்க" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் அந்தப் பதிவைப் போட்டேன். தாளம் ஒட்டியதை அல்ல, முதல் பதிவை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாவது வரிக்குப் புருவம் உயர்ந்தது. மூன்றாவது வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதென்னங்க, இத்தன அழுவாச்சி? ஆரு செத்துப்போனது?"

"என் வீட்டுக்காரர்" என்றேன்.

கத்தி அவர் கையிலேயே நின்றது. கைப்பேசியில் நான் இன்னும் பாடிக்கொண்டிருந்தேன். செங்கோடன் குழாயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அவர் காரியத்தன்னிக்குப் பாடினதுங்க இது" என்றேன்.

"சாமி" என்றார் பாவாயி. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வெங்காயக் கை. "தெரியாமச் சொல்லிப்போட்டேன். நிறுத்தாதீங்க, முடியட்டும்." முடிந்ததும், "மறுக்கா போடுங்க" என்றார். மறுபடியும் கேட்டார். அந்தத் தடவை சிரிக்கவில்லை.

அதற்கு மேல் வெங்காயம் அரியவில்லை. அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு, அதன்மேல் ராசிபுரத்து நெய், பொரித்த அப்பளம். எங்கள் ஊரில் விருந்தென்றால் கோழியும் கறியும் வரிசையாக நிற்கும். இங்கே ஒற்றைச் சோறு, நான் மூன்று தடவை வாங்கினேன்.

சாப்பிடும்போது பாட்டு பிறந்த கதையைப் பாவாயி சொன்னார். கல்யாணமான புதிதில் சங்ககிரி ரோட்டு மேலேயே வாடகை வீடு. தறிக்கூடத்துக்குப் பின்பக்கத்து அறைதான் வீடு. செங்கோடன் சிமெண்டு லாரி ஓட்டினார். வீட்டு வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். லோடு வண்டியை முதலாளி நிறுத்த விட மாட்டார். "போறப்பவும் நிக்க மாட்டாரு, வாரப்பவும் நிக்க மாட்டாரு. ஒரு ஆரன் அடிச்சாலாச்சும் சேலம் போயி எறக்கிப்போட்டு ராவுக்கு ஊடு வாராருன்னு தெரியும். சோறு ஆக்கலாம். அதும் கெடையாது. வந்த கோவத்துல தறியில நின்னுட்டே கட்டுனதுங்க. இது அழுகற பாட்டு இல்லீங்க. வையற பாட்டு."

தறிக்காரப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மாரியம்மன் பண்டிகையில் மேடை ஏற்றினார்கள். சேலத்தில் ஒருவர் கேசட் போட்டார். லாரிக்காரர்கள் அதை வண்டியில் போட்டுக்கொண்டு வடநாடு வரைக்கும் கொண்டுபோனார்கள்.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா?" என்றார் செங்கோடன். "நான் ஆரன் அடிச்சேனுங்க."

"ஆரம்பிச்சாச்சு" என்றார் பாவாயி.

"ஒவ்வொரு தடவையும் அடிச்சேன். போறப்ப ஒண்ணு, வாரப்ப ஒண்ணு. இவ தறிக்கு உள்ள நின்னுட்டு இருந்தா எப்பிடிங்க கேக்கும்? அங்க இடி உழுந்தாலும் கேக்காது. பாட்டக் கட்டி உட்டுட்டா. அதுக்கப்பறம் நான் எந்த டீக்கடையில வண்டிய நிறுத்துனாலும், 'செங்கோடா, ஆரன் அடிச்சியா'ங்கறானுக. ஆந்திராவுல நிறுத்துனாலும் நம்மூரு வண்டிக்காரன் ஒருத்தன் இருப்பான், அவனும் கேப்பான்."

"அடிச்சிருந்தாக் கேட்டிருக்கும்."

"கேக்காதுங்கறேன்."

இது அன்றைக்குத் தொடங்கிய சண்டை இல்லை, அன்றைக்கு முடியப் போவதும் இல்லை என்று தெரிந்தது. நான் மெல்ல என் காரியத்தை எடுத்தேன். பாட்டைப் பதிவு செய்யச் சம்மதம் வேண்டும் என்றேன்.

"அவரக் கேளுங்க. பாட்டு அவரு மேலதான" என்றார் பாவாயி.

செங்கோடன் யோசிக்கவே இல்லை. "தாராளமாப் பாடுங்க அம்மிணி. ஆனா உங்க பாட்டு மாதிரியே பாடுங்க. உங்க பாட்டுலதான் ஆரனே இல்லியே. ஆறுதல்தான இருக்குது. அது ஊரெல்லாம் பரவட்டும், நான் நிம்மதியா டீ குடிப்பேன்."

"அதெப்பிடி?" பாவாயியின் குரல் மாறியது. "பாடுனா நான் கட்டுனதப் பாடட்டும். ஊடுன்னா ஊடு. அரிசின்னா அரிசி. அத உட்டுட்டு எம்பேரப் போட வேண்டாம்."

எதற்குப் பயந்து வந்தேனோ அதுதான். அவர் கேட்டதில் தப்பில்லை. அவருடைய பாட்டு. ஆனால் என்னுடையதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

"பாடிப் பாருங்க. வரும்" என்றார் பாவாயி. தரையில் உள்ளங்கையால் தறியின் அடியைத் தட்டினார். நான் தொடங்கினேன். வேகமாகப் பாடுவது எனக்குப் புதிதல்ல, கல்யாண வீட்டில் வேறு பாட்டுகளை இதைவிட வேகமாகப் பாடியிருக்கிறேன். முதல் வரி சரியாக விழுந்தது. இரண்டாவது வரிக்குச் செங்கோடன் முனகினார், பாவாயி சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்றாவது வரியில் உலையில் அரிசி. நான்காவது வரியில் நிறுத்திவிட்டேன்.

ஒருத்திக்கா, ரெண்டு பேருக்கா.

துறைமுகத்தில் இருந்து புறப்படும்போது குணா கூப்பிடுவார். நலமா என்று கேட்க மாட்டார். "எனக்கும் சேர்த்துப் போடு" என்பார், அவ்வளவுதான், வைத்துவிடுவார். சில நாள், "எனக்குப் போடாத, லேட்டாகும்." பல வருடம் அந்தப் பேச்சைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் கைப்பேசியில் நடந்ததே இல்லை. அவர் போன பிறகு ஒவ்வொரு நாளும் அரிசி அளக்கும்போது கை ஒரு நொடி நிற்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உலகில் யாரை நம்பியிருக்கேன் என்று பாடும்போதுகூட அதை நினைத்ததில்லை. அழுகைப் பாட்டில் நான் தாங்கிக்கொண்டு நின்றதை, வசவுப் பாட்டின் ஒரு வரி உடைத்துவிட்டது.

பாவாயி தட்டுவதை நிறுத்தவில்லை. மெதுவாக்கினார். என்ன என்று கேட்டார், சொன்னேன். செங்கோடன் எழுந்து வெளியே போய்க் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பாவாயி தட்டுவதை விட்டு என் பக்கம் திரும்பினார். "எனக்கு இது கோவத்துல வந்துச்சு. கோவப்பட அவரு இருந்தாரு. உங்களுக்கு இப்பிடி வந்திருக்குது. ரெண்டும் ஒரு ஊட்டுப் பாட்டுத்தான். ரெண்டையும் போடுங்க. கேசட்டுல முன்பக்கம் பின்பக்கம்னு இருக்குமில்ல, அது மாதிரி. எம்பேரு ரெண்டுலயும் இருக்கட்டும்."

"உங்க பாட்டையும் நானே பாடணுமா?"

"பின்ன, நான் மலேசியா வரோணுமா? வெங்காயத்த ஆரு பாக்கறது?"

புறப்படும்போது அவர் ஒரு மூட்டை சின்ன வெங்காயம் கொடுத்தார். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று சொன்னேன். அப்படியானால் நாமக்கல்லில் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். தங்கியிருந்த விடுதியின் சமையல்காரருக்குக் கொடுத்தேன். மறுநாள் காலை அவர் அதிலேயே ஊத்தப்பம் போட்டுத் தந்தார்.

அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. செங்கோடனின் எண். பேசியது பாவாயி.

"சாமி, காத்தாலயிருந்து உங்க பாட்டுத்தான் வாயில வருது. ஊரு தாண்டிப் போகையிலன்னு. என்ர பாட்டு வர மாட்டேங்குது. இவரு, 'அதப் பாடாத, நான் இன்னம் இங்கதான் இருக்கறேன்'ங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருக்கறீங்கல்ல, இருந்து கேளுங்கன்னேன்."